‘ஃபிளாஷிங் உட்பட’ என்று எழுதிவிட்டு சிலிகான் பூசிச் சென்றார்கள்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2024 ஏப்ரலில் தகரக் கூரை போட்டோம். அந்த ஜூன் மழையிலேயே ஒழுகத் தொடங்கியது. ஒழுகியது கூரையின் நடுவில் அல்ல. மாடிப்படி அறையின் சுவரோடு கூரையின் மேல்விளிம்பு சேரும் மூட்டில். அந்த இடத்தில் என்ன வைக்க வேண்டும், எங்களுக்கு என்ன வைத்தார்கள், பிறகு அதே குறையைக் காட்டி இரண்டாவது முறையும் எப்படிப் பணம் வாங்கினார்கள் என்பதை, கூரை போட இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விலைப்புள்ளியில் “கலர் ஷீட், பைப், ஸ்க்ரூ, ஃபிளாஷிங் உட்பட” என்று ஒரே வரியும் கீழே 1,86,000 ரூபாய் என்ற தொகையும் மட்டுமே இருந்தன. ஃபிளாஷிங் என்றால் என்ன என்று கேட்டபோது, “சுவர் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் அடைப்பது சார்” என்றார் ஒப்பந்தக்காரர். அந்தப் பதிலே தவறு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஃபிளாஷிங் என்பது, சுவரில் வழிந்து வரும் தண்ணீரை வாங்கிக் கூரையின் மேல் இறக்கிவிடும் மடித்த தகடு. அதன் ஒரு பக்கம் சுவரில் சுமார் 15 செ.மீ. உயரம் ஏறி, சுவரில் வெட்டிய காடிக்குள் (நீளமான வெட்டுப்பள்ளத்துக்குள்) மேல்விளிம்பு மடிந்து நுழைய வேண்டும். மறுபக்கம் ஷீட்டின் மேல் குறைந்தது 15 செ.மீ. படிய வேண்டும். பசை போன்ற எதுவும் தேவைப்படுவது அந்தக் காடியின் வாயை மூடுவதற்கு மட்டுமே.

எங்கள் வீட்டில் தகடே இல்லை. ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் சிமென்ட் கலவையைச் சாய்வாகப் பூசி, அதன்மேல் சிலிகான் பசையை இழுத்துவிட்டு, வெள்ளை பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். பார்வைக்கு மிகவும் நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு ஷீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 6 மீட்டர் நீள ஷீட், 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. நகர்கிறது. நகராத கலவை அதைத் தாங்காமல் மயிரிழையாகப் பிளந்தது. மேலும், ஈரமான சிமென்டின் காரத்தன்மை ஷீட்டின் துத்தநாக, அலுமினியப் பூச்சை அரிக்கக்கூடியது. அன்று வேலை நடந்தபோது மாடி முழுவதும் வினிகர் வாடை அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வாடையுள்ள சிலிகான் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை விடும் வகை, துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் சிமென்டுக்கும் ஆகாதது.

மழைநீர் சுவரில் இறங்கிக் கீழ் அறையின் மேல்மூலையில் ஓதம் ஏறியதும் ஒப்பந்தக்காரரை அழைத்தோம். மேலே ஏறி அந்த மூட்டுப் பகுதியை அவர் பார்க்கவே இல்லை. “சுவர் பழசு, அதுதான் உறிஞ்சுகிறது, வாட்டர் புரூஃப் கெமிக்கல் அடித்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி மேலும் 22,000 ரூபாய் வாங்கினார். ஐப்பசி மழையில் அந்தப் பூச்சு கொப்புளமாக எழுந்தது, ஏனெனில் தண்ணீர் மேலிருந்து பூச்சுக்குப் பின்னால் இறங்கியதால், உலர்வதற்கு இருந்த வழியும் அடைபட்டுவிட்டது. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஒரு குறையை மறைத்து வைக்க ஆறு மாதம்கூடக் கிடைக்காது.

குறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். தோட்டக் குழாயை எடுத்துக் கூரையின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் தண்ணீர் விட்டபடி மேலே ஏறினார். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது என்றார். மூட்டுக்கு வந்த மூன்றாவது நிமிடம் உள்ளே சொட்டியது. கலவையைக் கொத்தி எடுத்து, காடி வெட்டி, தகட்டை மடித்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி வைத்து, தகட்டுக்கும் ஷீட்டின் அலைகளுக்கும் இடையில் ஃபோம் திணித்து முடிக்க 9,500 ரூபாய்தான் ஆனது. ஸ்க்ரூவை அலையின் மேட்டில்தான் இறக்கினார், பள்ளத்தில் அல்ல.

இப்போது ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் மூட்டில் சேரும் வேப்பிலைச் சருகை அள்ளிவிட்டு, காடியின் பசையையும் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர்களையும் பார்த்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை.

விலைப்புள்ளி வாங்குகிறவர்கள் ஃபிளாஷிங்கைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மீட்டர், தகட்டின் தடிமன், சுவரில் எவ்வளவு ஏறும், காடி வெட்டப்படுமா, எந்தப் பசை. கடைசித் தவணையைக் குழாய்ச் சோதனை முடியும்வரை கொடுக்காதீர்கள்.

கொத்தி எடுத்த கலவைத் துண்டுகளைக் காட்டியபோது, “ஃபிளாஷிங் என்று நாங்கள் சொல்வது இதைத்தான் சார்” என்றார் ஒப்பந்தக்காரர். 5,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், ரசீதுகளையும் படங்களையும் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒற்றை வரி விலைப்புள்ளியைத்தான் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.