ரப்பர் மீன்: உருக்கி ஊற்றுவதா, பால் ஊற்றுவதா?

குமரி மாவட்டத்து மணக்குடி காயலில், கடித்துத் துண்டாக்கும் பேத்தை மீன் கூட்டம் இருக்கும் இடத்தில் சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது தூண்டிலில் மாட்டும் ரப்பர் போன்ற செயற்கை மீன், போட்டவர்களுக்குத் தெரியும். ஒரு காலைக்குள் பாக்கெட் காலி. கத்தரித்தாற்போல் எல்லாவற்றுக்கும் வால் போயிருக்கும். அப்படி வாலிழந்த மீன்கள் என்னிடம் ஒரு பெயின்ட் டப்பா நிறையச் சேர்ந்தபோதுதான் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

அச்சுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். நல்ல நிலையில் உள்ள ஒரு லூருக்கு (செயற்கை இரைக்கு) எண்ணெய் தடவி, பாதி அமிழ வைத்து, இறுகியதும் எடுத்துவிடலாம். காய்வதில்தான் விஷயம் இருக்கிறது. இடவப்பாதி, அதாவது ஜூன் பருவமழையில் நான் வார்த்த அச்சு ஒரு வாரமாகியும் உள்ளே ஈரமாகவே இருந்தது. அதில் சூடான பிளாஸ்டிக்கை ஊற்றினால் ஈரம் ஆவியாகி, உருகிய குழம்பு முகத்தில் தெறிக்கும்.

பழையதை உருக்குவதில் செலவு அநேகமாக இல்லை. ஆனால் இவை பெரும்பாலும் பிவிசி. சூடு மிஞ்சினால் கருகி, தொண்டையை அறுக்கும் அமிலப் புகை வரும். அடுக்களையில் வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில், திரும்பச் சமையலுக்குப் போகாத பாத்திரத்தில், சிறு தீயில் கிளற வேண்டும். இன்னொரு குறை, நாலைந்து நிறம் கலந்தால் கடைசியில் பிண்ணாக்கு நிறம்தான் கிடைக்கும். முட்டம் பாறையில் பாறை மீன் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பத் திரும்ப உருக்கினால் மென்மையும் குறையும்.

புது பிளாஸ்டிசாலில், அதாவது பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் கலந்த திரவத்தில், அந்த நிறச் சிக்கலும் மென்மைச் சிக்கலும் இல்லை. பால்போல வெள்ளையாக இருப்பது சுமார் 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து கண்ணாடியாகும்போது ஊற்றலாம். நிறம், மினுக்கு, மென்மை எல்லாம் நம் கையில். கொஞ்சம் பொடி உப்பு சேர்த்தால் வேகமாக அமிழும். ஆனால் சீக்கிரம் கிழியும். மாதத்துக்கு நாலு மீன் செய்பவருக்கு இதை வரவழைப்பது வீண் செலவு. என் யோசனை, பழையதையே உருக்கி, அதில் கால் பங்கு புதியதைக் கலப்பது. இந்த இரண்டுக்கும் அச்சில் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் மீன் மேல் நுண்துளை விழும்.

மூன்றாவது ரப்பர் பால். குலசேகரம் பக்கம் சொந்தக்காரர் தோட்டம் இருந்தால் காலையில் பால் வெட்டிய கையோடு ஒரு சிரட்டை கேட்டு வாங்கலாம். அடுப்பு, புகை எதுவும் வேண்டாம். அமோனியா கலக்காத பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும் என்பதால் உடனே ஊற்ற வேண்டும். இதற்கு அச்சில் எதையும் பூசவே கூடாது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சினால்தான் ஓரத்தில் தோல் கட்டும். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் முழு மீனாக வார்த்தால் சுருங்கிக் கோணலாகும், நடுவில் ஈரம் நிற்கும். முதல் மூன்றையும் நான் தூக்கிப்போட்டேன். பிறகு தோல் கட்டியதும் மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டேன். உள்ளே பொள்ளலாக, தவளை வடிவத்தில் ஒரு லூர்!

ரப்பர் தண்ணீரைவிட எடை குறைவு, மிதக்கும். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரை இலை மேல் இழுக்க, விராலுக்கு, இதைவிடத் தோதான பொருள் இல்லை. கடலில் அடியில் போய் ஆட வேண்டிய மீனுக்கு இது உதவாது. பதப்படுத்தாத ரப்பர் என்பதால் வெயிலில் பிசுபிசுக்கும். முகப் பவுடர் தூவிக்கொள்ளலாம். ஒரு சீசன் தாங்கினால் பெரிது.

சிலிக்கான் குழாயையும் வாங்கிப் பார்த்தேன். கனமான துண்டு உள்வரை இறுகவே நாளாகிறது, கெட்டுப்போனால் திரும்ப உருக்கவும் வழியில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு டப்பா. ஒரு தடவை தவளையையும் பிளாஸ்டிக் மீனையும் ஒன்றாகப் போட்டுவைத்தேன். பிளாஸ்டிக்கின் எண்ணெய் ஏறி, தவளை மீனோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.