விடியற்காலை வந்த வேன்: போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

என் தம்பியைப் போதையிலிருந்து மீட்டுத் தருவதாகச் சொல்லி 60,000 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு தனியார் மறுவாழ்வு மையம், அவனுக்கு ஒரு நாள்கூட மருத்துவம் பார்க்கவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நாங்கள் எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பது, எங்களைப் போலவே சிற்றூரில் இருந்துகொண்டு வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் நான்கு தெருவும் ஒரு கண்மாயும் உள்ள சிறிய ஊர். தம்பிக்கு 23 வயது. இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை. அவன் பழகியது டாபென்டடால் என்ற வலி மாத்திரைக்கு. கடும் வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் இந்த மாத்திரை மூளையில் அபினைப் போலவே வேலை செய்யும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. இதைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடையே பரவியிருப்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தும், சித்திரை வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

தெரிய வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது தாலுகா அரசு மருத்துவமனைதான். அங்கே செவிலியராக இருப்பவர் என் சித்தி மகள். மருந்து கொடுப்பவர் எங்கள் தெருக்காரர். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. விஷயம் வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பயந்த அம்மா, அழும்போதுகூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுதார். எனவே நூறு மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மையத்தைக் கைபேசியில் தேடிப் பிடித்தோம். பேசியவர், "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், விடிகாலையில நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுறோம், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது" என்றார். சிகிச்சையைவிட அந்த இரகசியம்தான் எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது என்பதை அவர் முதல் நிமிடத்திலேயே புரிந்துகொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதிகாலை நான்கு மணிக்கு வேனில் வந்த நான்கு பேர், தூங்கிக்கொண்டிருந்தவனின் கைகளைத் துண்டால் கட்டித் தூக்கிச் சென்றார்கள். அவன் என்னைப் பார்த்து "அக்கா" என்று ஒரு முறைதான் கூப்பிட்டான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்தை ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பினோம், ரசீது தரவில்லை. நான்கு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் இரண்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. 45 நாள் பார்க்கவோ பேசவோ கூடாது, பேசினால் பையன் மனம் இளகிவிடும் என்றார்கள். அதையும் நம்பினோம்.

எப்போது அழைத்தாலும், இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாலும், "தியானத்துல இருக்கார்" என்ற ஒரே பதில் வந்ததால் 26ஆம் நாள் தாய்மாமாவுடன் நேரில் போனேன். ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். அப்போது மேசையில் விரிந்து கிடந்த மருத்துவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரே பேனாவில் வரிசையாகக் கையெழுத்துகள் இருந்தன; இன்னும் வராத அடுத்த வாரத் தேதிகளுக்கு எதிரேயும் இருந்தன.

தம்பி சாப்பாட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கணுக்காலைச் சுற்றி வளையம்போல் தோல் கறுத்துப் போயிருந்தது. முதல் நான்கு நாள் வாந்தியும் பேதியும் கால் குடைச்சலுமாகத் துடித்தவனுக்கு எலுமிச்சைச் சாறும் பச்சைத்தண்ணீர்க் குளியலும்தான் மருந்து, கத்தியபோது கம்பு. பக்கத்துப் பாயில், குடியை நிறுத்தியதால் கை நடுங்கிக்கொண்டே கிடந்த ஒரு கொத்தனார் ஓர் இரவு வலிப்பு வந்து விழுந்தாராம். சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களே தவிர, மருத்துவரை அழைக்கவில்லை. நீண்ட நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வரும் வலிப்பும் சித்தப்பிரமையும் உயிரையே எடுக்கக்கூடியவை.

"சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் அவன் பட்டறையின் பின்புறம் உதடு நீலம் பாரித்து, குறட்டை போல் மூச்சு இழுத்தபடி கிடந்தான். 108 ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனையில், அபின் வகை மருந்தின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதால் பிழைத்தான்.

அங்கிருந்த மனநல மருத்துவர்தான் எங்களுக்கு முதன்முதலாக எதையும் விளக்கினார். ஊசி நின்றதும் வரும் வாந்தியும் குடைச்சலும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தணிந்துவிடும். அது தணிவதால் நோய் தீர்ந்துவிடாது. மூளையில் பதிந்த ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அடைத்து வைத்த நாட்களில் உடல் அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுவதால், வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொள்பவருக்கு மூச்சு நின்றுவிடும். ஆகவே அடைத்து வைத்து, மருந்தில்லாமல் திருப்பி அனுப்புவது அவரைப் பழைய ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தில் தள்ளுவதாகும். இதை யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாளும் அவனைத் தனியே விட்டிருக்க மாட்டேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்ப்பதானால், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. தொலைபேசியில் பேசவும், பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும் உள்ளிருப்பவருக்கு உரிமை உண்டு. எங்களிடம் சொன்ன 45 நாள் கட்டுப்பாடு அந்த உரிமைக்கு எதிரானது.

தம்பி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் வருகிறான். ஏக்கத்தைக் கட்டுப்படுத்த, நாக்கின் அடியில் கரையும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். எச்ஐவிக்கும் கல்லீரல் அழற்சிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலோ, மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலோ கேட்கலாம். போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று அந்த மையத்தார் எங்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். தாமாகச் சிகிச்சைக்கு வருகிறவரை, சொந்தப் பயன்பாடு அல்லது சிறு அளவு தொடர்பான வழக்குகளில் தண்டனை நடவடிக்கையிலிருந்து காக்கும் பிரிவு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே, 64ஏ என்ற எண்ணில், இருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சேர்ந்து சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

செவிலியரான என் சித்தி மகள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்கிட்ட முதல்லயே வந்திருக்கலாமேக்கா" என்று மட்டும் கேட்டாள்.

இதை வெளியிடும் முன் தம்பியிடம் படித்துக் காட்டி, கணுக்காலைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான். நாங்கள் கிளம்பியபோது அந்தக் கொத்தனார் அங்கேதான் படுத்திருந்தார் என்றும், அவர் வீட்டார் யார் கண்ணிலாவது இது பட வேண்டும் என்றும் சொன்னான்.