மைசூர்பாகு தட்டில் ஜெலட்டின் பிளேட்: சென்னை வெயிலில் மூன்று மாதம் தாங்கிய கதை

இலையை வைத்துத் தாளில் அச்சு எடுக்கக் கடையில் விற்கிற ஜெல் பிளேட் 8க்கு 10 அங்குலம் ஒன்று வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் விலை 3000 ரூபாயைத் தாண்டி நின்றது. ஒரு அச்சுகூட எடுத்துப் பார்க்காத பொருளுக்கு அவ்வளவு போட மனசு வரவில்லை. வீட்டிலேயே காய்ச்சி ஊற்றிக்கொண்டேன். மார்ச்சில் ஊற்றியது, கத்திரி முழுக்கப் பார்த்துவிட்டது, இப்போது ஜூன். எனக்கு ஆன செலவு 600 ரூபாய்க்கு உள்ளேதான், ஆனால் அதற்குள் இரண்டு முறை பாழாக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது நுங்கு மாதிரி மெத்தென்று இருக்கும் ஒரு பலகை. மேலே அக்ரிலிக் வண்ணத்தை ரப்பர் ரோலரால் மெல்லியதாகப் பரப்பி, ஒரு இலையை வைத்து, அதன் மேல் தாளைப் போட்டு உள்ளங்கையால் தடவி எடுத்தால் அச்சு வந்துவிடும். பிரஸ் எதுவும் வேண்டாம். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் இருக்கிற மாதிரியான கனமான பிரஸ்ஸை இரண்டு பெட்ரூம் வீட்டில் எங்கே வைப்பது, அதனால்தான் இந்த முறை என்னைப் போன்ற ஆட்களுக்குச் சரிப்பட்டு வருகிறது.

முதல் சிக்கல் அம்மா. எங்கள் வீடு சைவம். ஜெலட்டின் பொடியைக் கையில் எடுத்து "இது எதுலருந்துடா செய்றாங்க?" என்றார். மாட்டுத் தோல், எலும்பு என்று உண்மையைச் சொன்னேன். சமையலறைக் கதவு அன்றோடு மூடியது. சரி என்று அவருக்காகக் கடல்பாசியில் முயன்றேன், நோன்பு நேரத்தில் பால் ஊற்றி இனிப்பு செய்வார்களே, அதேதான். அது வெயிலுக்கு அசையாது, 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். ஆனால் வளையாது. ரோலரை மூன்றாவது முறை உருட்டும்போதே நடுவில் விரிசல் விட்டு, தாளை உரிக்கும்போது ஓரம் பாளமாகப் பெயர்ந்து கையோடு வந்தது. ஒரே நாளில் நாலைந்து அச்சு எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுவதென்றால் கடல்பாசி போதும். வைத்துப் பயன்படுத்த முடியாது.

அப்புறம் ஜெலட்டின். இன்டக்‌ஷன் அடுப்பைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துத்தான் காய்ச்சினேன். பாரிமுனைப் பக்கம் கேக் சாமான் விற்கிற ஒரு கடையில் லூஸாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பொடிதான் முதலில் வாங்கியது, ஆறிய பிறகு தொட்டுப் பார்த்தால் இளநீர் வழுக்கை. கடைக்காரரிடம் கேட்டதற்கு "எல்லாம் ஒரே ஜெலட்டின்தான் சார்" என்றார். இல்லை. எவ்வளவு இறுகும் என்பதை ப்ளூம் என்று ஒரு எண்ணால் குறிப்பார்கள், 50 முதல் 300 வரை போகும். அடுத்த முறை 250 என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை வேறு கடையில் வாங்கினேன், வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. 200க்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள், எண்ணே போடாத லூஸ் பொடியைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது அளவு. வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிற செய்முறையில் பெரும்பாலும் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு, அவர்கள் வீட்டில் ஏப்ரலில் சுவெட்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெறும் தண்ணீரில் செய்த ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பித்து, 35க்குள் உருகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு நம் ஹால் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் கடைசியில் நின்றது 100 கிராம் ஜெலட்டின், 400 மில்லி கிளிசரின், 300 மில்லி தண்ணீர். கிளிசரின் மெடிக்கல் ஷாப்பில் சின்னச் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும், நாலு பாட்டில் கேட்டபோது ஒரு மாதிரி பார்த்தார்கள். பிளேட் காயாமல், பூஞ்சை பிடிக்காமல் இருப்பதெல்லாம் அதனால்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொடியை முதலில் கிளிசரினில்தான் கலக்க வேண்டும். நேராகத் தண்ணீரில் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி கட்டியாகிவிடும். கிளிசரினில் கலந்து பத்து நிமிடம் விட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, அந்தப் பாத்திரத்தை இன்னொரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சிறு தீயில் மெதுவாகக் கிளறினால் தேன் நிறத்தில் தெளியும். கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் இறுகும் சக்தி குறைந்துவிடும். வாசனை கொஞ்சம் வரும், பக்கத்து வீட்டில் சூப் வைத்த மாதிரி.

ஊற்றுவதற்கு அடி சமமான தட்டு வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது மைசூர்பாகு ஊற்றும் அலுமினியத் தட்டு ஒன்றுதான். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. ஊற்றியதும் மேலே நுரை நிற்கும். பழைய தினத்தந்தியை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, அந்தத் துண்டை மேற்பரப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தால் குமிழியெல்லாம் தாளோடு வந்துவிடும். ஏழெட்டுத் துண்டு ஆகும். ஒரு குமிழியை விட்டாலும் ஒவ்வொரு அச்சிலும் அதே இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம் விழுந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, சமையல் மேடை சிங்க் பக்கமாகச் சரிவாகத்தான் இருக்கும், பால்கனித் தரையும் அப்படியே. தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிபார்த்து, தாழ்ந்த பக்கம் கல்யாணப் பத்திரிகையை மடித்துக் கொடுங்கள்.

பலன்? இலைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. பூவரசு, முருங்கை, கொன்றை எல்லாம் போட்டுப் பார்த்தேன், அரச இலை தனி. இலையை வைத்து எடுக்கிற முதல் தாளில் வெறும் வெள்ளை நிழல்தான் விழும். இலையை மெல்லத் தூக்கிவிட்டு இன்னொரு தாளைப் போட்டு எடுத்தால் நரம்பு நரம்பாக, அந்த வால் நுனி வரை, மயிரிழைக் கோடெல்லாம் வந்து நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மறந்தேன். தாளுக்கு ஆண்டர்சன் தெருவில் நல்ல வழவழப்பான பாண்ட் பேப்பர் வாங்கினால் போதும், விலை உயர்ந்ததெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் மதியம் உட்காராதீர்கள். ஃபேன் போட்டால் தாளை வைப்பதற்குள் வண்ணம் காய்கிறது, ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை பிளேட்டில் சொட்டுகிறது. காலை ஆறு மணி சரியான நேரம். வண்ணத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஈரமாக இருக்கும். கடல் காற்று அடிக்கிற நாளில் கிளிசரின் ஈரத்தை இழுத்து மேலே பிசுபிசுக்கும், பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது முறை பாழானது முழுக்க என் முட்டாள்தனம். ஒரு ஞாயிறு மதியம் காய்ந்த வண்ணத்தைக் கழுவலாம் என்று குழாயடியில் பிடித்தேன். மாடி டேங்க் தண்ணீர் அந்த நேரத்தில் எப்படி வரும்! கை சுட்டது, பிளேட் மேற்பரப்பு வழிந்து கோடு கோடாகிவிட்டது. பானைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதுமாக இருந்தது.

ஆனால் கடைப் பிளேட்டில் இல்லாத வசதி இங்கேதான். துண்டு துண்டாக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு உருக்கி மறுபடி ஊற்றினேன், மறுநாள் காலை புதுசு. இதுவரை நாலு தடவை உருக்கியாகிவிட்டது, வண்ணத் துணுக்கு சேர்ந்து பார்க்கத்தான் அழுக்கு, அச்சில் ஒரு குறையும் இல்லை. கடையில் விற்பதில் ஜெலட்டினே கிடையாது, மினரல் ஆயில் சேர்த்த வேறு ஜெல். வெயிலில் தளராது, கெடாது, சைவ வீட்டுக்கும் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்கள், தினமும் அச்சு எடுப்பவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். வாரத்துக்கு ஒருநாள் உட்காருகிற எனக்கு வீட்டுப் பிளேட்டே போதும், 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது மே மாதத்துக்காக. தீபாவளிக்குள் புதுத் தட்டு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும், அந்தச் செலவை மேலே சொன்ன 600-இல் சேர்க்கவில்லை.