வேர்டு எடிட்டர்: மாடிஃபையர் பிழைக்குப் பாதித் துணை

எழுத்துப்பிழைக்கும் ஒருமை பன்மைக்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் எடிட்டர் தாராளமாகப் போதும். மாடிஃபையர், அதாவது இன்னொரு சொல்லை விவரிக்கும் சொல்லோ தொடரோ, இடம் மாறி உட்கார்ந்தால் எடிட்டரை நம்பி ஆங்கிலக் கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள்.

“ஹேவிங் வெரிஃபைட் த டாக்குமென்ட்ஸ், த லோன் வாஸ் சாங்ஷன்ட்.” வங்கிக் கடிதங்களில் அடிக்கடி வரும் வகை இது. சொல் ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஆவணங்களைச் சரிபார்த்தது கடன்தான் என்று பொருள் வருகிறது. யார் சரிபார்த்தார் என்பது வாக்கியத்திலேயே இல்லாதபோது மென்பொருள் எங்கே போய்த் தேடும்? நம் கண்ணுக்கும் இது தப்பிவிடும். ‘ஆவணங்களைச் சரிபார்த்துக் கடன் வழங்கப்பட்டது’ என்பது தமிழில் உறுத்தாதே! ஆங்கிலத்திலோ கமாவை அடுத்து வரும் பெயர்தான் முன்பகுதி வேலையைச் செய்தவர். எனவே கமாவுக்குப் பின் “த மேனேஜர் சாங்ஷன்ட் த லோன்” என்று மாற்றுங்கள். ஆளைச் சொல்ல விருப்பமில்லையா? “ஆஃப்டர் த டாக்குமென்ட்ஸ் வேர் வெரிஃபைட்” என்று தொடங்கினால் பின்பகுதியைத் தொடவே வேண்டாம்.

எடிட்டரை இதற்குச் சுற்றுவழியில் வேலை வாங்கலாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போய், ‘ரைட்டிங் ஸ்டைல்’ அருகிலுள்ள செட்டிங்ஸில் ‘பாஸிவ் வாய்ஸ்’ (‘வாஸ் சாங்ஷன்ட்’ போன்ற செயப்பாட்டு வினை) கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு ‘ரீசெக் டாக்குமென்ட்’, எஃப்7. பாஸிவ் என்று கோடு விழும் இடமெல்லாம் பிழையல்ல. அந்த வாக்கியம் ‘இங்’ சொல்லில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தப் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அதே பட்டியலில் ‘அட்வர்ப் பிளேஸ்மென்ட்’ (வினையடையின் இடம்) கட்டமும் உண்டு. டிக் போடலாம், ஆனால் ‘ஒன்லி’க்கு அதை நம்ப வேண்டாம். “வி ஒன்லி அக்செப்ட் கேஷ் ஆன் மண்டேஸ்” என்றால் திங்களன்று ரொக்கம் மட்டுமா, ரொக்கம் திங்களன்று மட்டுமா? தமிழில் ‘மட்டும்’ எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுமோ, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் ‘ஒன்லி’: “ஒன்லி கேஷ்” அல்லது “ஒன்லி ஆன் மண்டேஸ்”.

“த கிளார்க் கேவ் த ஃபார்ம் டு த கஸ்டமர் வித் டூ சிக்னேச்சர்ஸ்” போன்றவற்றுக்கு எந்த டிக்கும் உதவாது. இரண்டு கையெழுத்து படிவத்துக்கா, வாடிக்கையாளருக்கா? படிவத்துக்கென்றால் ‘வித்’ தொடரை வெட்டி ‘ஃபார்ம்’ பக்கத்தில் ஒட்டுங்கள். அது கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் வி வேலை.