‘ஹரம் அருகில்’ என்ற சொல்லை மட்டும் நம்பி உம்ராவுக்குப் பணம் கட்டாதீர்கள்

டெல்டா மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து உம்ராவுக்கு, அதாவது மக்கா புனிதப் பயணத்துக்குப் போன 34 பேர் பட்ட பாட்டை வைத்து இந்தப் பதிவு. தலைக்கு 84,000 ரூபாய், 15 நாள் பயணம். நோட்டீஸில் பச்சை மினாரா படம். அதன் கீழே மூன்றே வரி: ஹரம் அருகில் தங்குமிடம், மூன்று வேளையும் தமிழ்நாட்டுச் சாப்பாடு, ஆலிம் வழிகாட்டுதல். ஹரம் என்பது மக்காவில் கஃபா இருக்கும் பெரிய பள்ளிவாசல். போன இடத்தில் அறை அதற்குத் தொலைவான அஜீஸிய்யாவில். இஹ்ராம் (உம்ராவைத் தொடங்கும் நிலை, ஆண்களுக்குத் தனித் துணி) கட்டாமலே, அதற்குரிய எல்லையான மீகாத்தைத் தாண்ட வைத்தார்கள். திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பார்த்தால் 9 பேருக்கு ரிட்டன் டிக்கெட்டே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்ட் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்து அந்த ஒருவரை மட்டும் ஒதுக்கினால் போதாது, இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அறை. மக்காவில் ‘அருகில்’ என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. அஜ்யாதும் இப்ராஹீம் கலீல் ரோட்டின் தொடக்கமும் ஹரமை ஒட்டியவை. அதே ரோட்டில் மிஸ்ஃபலாவுக்குள் போகப் போகத் தூரம் கூடும். அஜீஸிய்யா மினா பக்கம், ஹரமிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. வாடகை குறைவு என்பதற்காக அங்கே போடுகிறார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையையும் குறைத்துப் போட்டால் தப்பே இல்லை. ‘ஹரம் அருகில்’ என்று எழுதி அங்கே கொண்டுபோய் இறக்குவதுதான் மோசடி.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோட்டல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஐந்து வக்துத் தொழுகைக்கும் போய்வர ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடை. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஒரு தடவை சுமார் 450 மீட்டர், ஏழும் சேர்ந்தால் ஸயீ என்ற அந்த நடைக்கு மட்டும் 3 கிலோமீட்டருக்கு மேல். கஃபாவைச் சுற்றும் தவாஃப் தனி. கூட்டத்தில் மேல் மாடிக்கு அனுப்பிவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தூரமும் பல மடங்கு. 65 வயது உம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஹோட்டலைப் பற்றிப் பேச வேண்டும்.

தூரம் என்று கேட்டால் ‘ஷட்டில் பஸ் இருக்கு’ என்பார்கள். பஸ் இருக்கும். ஆனால் தொழுகை நேரம் நெருங்கினால் ஹரமைச் சுற்றியுள்ள ரோடுகளை அடைத்துவிடுவார்கள். ஜுமுஆ அன்றும் ரமளான் இரவுகளிலும் நிலைமை இன்னும் மோசம். பஸ் தூரத்தில் நிறுத்தி இறக்கிவிடும், மீதி நடை. இஷா முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவதால் திரும்புவதற்கும் காத்திருக்க வேண்டும். இந்தக் குழுவில் வயதானவர்கள் பாதிப் பேர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஹரமுக்குப் போனார்கள். மற்ற வக்தெல்லாம் அறையிலும் பக்கத்துப் பள்ளியிலும். அந்தக் கஃபாவைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்காகத்தானே வருடக்கணக்கில் காசு சேர்த்தார்கள்.

அறைக்கு 4 பேர் என்று பேச்சு, போட்டது 6 பேர். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் கட்டில் மேல் தூக்கி வைக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு குளியலறை. தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழுந்தவர்கள் உளூச் செய்ய வரிசையில் நின்று, அடுத்து லிஃப்டுக்கு வரிசையில் நின்று, கீழே வருவதற்குள் பஸ் போயிருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஹோட்டலின் முழுப் பெயர், ஏரியா, அறைக்கு எத்தனை பேர், மக்காவில் எத்தனை இரவு, மதீனாவில் எத்தனை இரவு. பெயர் கிடைத்ததும் கூகுள் மேப்பில் அந்த ஹோட்டலிலிருந்து ஹரமின் 79ஆம் வாசலான கிங் ஃபஹத் வாசலுக்கோ, 1ஆம் வாசலான கிங் அப்துல் அஜீஸ் வாசலுக்கோ நடை வழி போட்டுப் பாருங்கள். நேர்கோட்டுத் தூரம் உதவாது, மக்கா மலை ஊர். ஒரே பெயரில் ஹரம் பக்கம் ஒரு ஹோட்டலும் அஜீஸிய்யாவில் ஒரு ஹோட்டலும் இருப்பது உண்டு, ஏரியாவை விடாமல் கேளுங்கள். ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’ என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘மாற்றினாலும் நடைத் தூரம் இத்தனை மீட்டருக்குள்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இப்போது உம்ரா விசாவுக்கே சவூதி அரசின் நுசுக் மஸார் தளத்தில் ஹோட்டல் புக்கிங் பதிவாக வேண்டும். அந்தப் பதிவின் நகலையும் கேளுங்கள். வாயால் சொன்ன ஹோட்டல் ஒன்று, விசாவுக்குக் காட்டிய ஹோட்டல் வேறு என்றால், நீங்கள் எங்கே தங்கப் போகிறீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது மீகாத். இதில் போவது காசு மட்டுமல்ல, இபாதத்தே (வணக்கமே) குறைபடுகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உம்ரா நிய்யத்தோடு (எண்ணத்தோடு) வருகிறவர் இஹ்ராம் இல்லாமல் மீகாத்தைக் கடக்கக் கூடாது. நம் பக்கமிருந்து வளைகுடா வழியாக ஜித்தா போகும் விமானம், இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பே மீகாத் எல்லையைத் தாண்டிவிடும். தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸில்தான் பெரும்பாலும் அந்த எல்லை. ஜித்தா ஏர்போர்ட் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. சில விமானங்களில் அறிவிப்பார்கள், சிலவற்றில் அறிவிக்க மாட்டார்கள். அதனால் ஆண்கள் சென்னையிலோ, விமானம் மாறும் ஊரிலோ இஹ்ராம் துணியைக் கட்டிக்கொண்டு, எல்லை நெருங்கும்போது நிய்யத்தும் தல்பியா முழக்கமும் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. இஹ்ராம் துணி கைப்பையில் இருக்க வேண்டும். லக்கேஜில் போட்டுவிட்டால் அது ஜித்தாவில்தான் கைக்கு வரும்.

இந்தக் குழுவின் ‘அமீர்’ (தலைவர்) என்ன சொன்னார் தெரியுமா? ‘ரொம்ப நேரம் இஹ்ராமில் சிரமப்பட வேண்டாம், ரூமுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆயிஷா பள்ளியில் கட்டிக்கொள்ளலாம்’ என்றார். தன்ஈமிலுள்ள ஆயிஷா பள்ளி, மக்காவில் இருப்பவர்கள் அடுத்த உம்ராவுக்கு இஹ்ராம் கட்டும் இடம். வெளியூரிலிருந்து வந்து மீகாத்தைத் தாண்டியவருக்கு அது பரிகாரம் ஆகாது. அப்படித் தாண்டியவர் அமலைத் தொடங்குவதற்கு முன் மீகாத்துக்கே திரும்பிப் போய் இஹ்ராம் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஹரம் எல்லைக்குள் ஓர் ஆட்டைத் தம் (பரிகாரப் பலி) ஆகக் கொடுக்க வேண்டும். ஜித்தாவை மீகாத்தாக ஏற்கும் ஆலிம்கள் சிலர் உண்டு. எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்று உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள். ஏஜென்டை மீகாத் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இஹ்ராமை எங்கே, எப்போது கட்டச் சொல்வீர்கள்?’ தடுமாறினால் அந்தக் குழுவில் விவரம் தெரிந்த ஆலிம் இல்லை என்று அர்த்தம்.

இதோடு நிற்கவில்லை. தவற்றை உணர்ந்தவர்களிடம் தம் கொடுக்கிறேன் என்று ரியால் வசூலித்தார்கள், ரசீது இல்லை. ஆடு அறுக்கப்பட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சவூதி அரசின் அதாஹி திட்டத்தில் கூப்பன் வாங்கினால் உங்கள் கையில் ரசீது இருக்கும்.

முதலில் மதீனா போகும் பாக்கேஜ் என்றால் இந்தச் சிக்கல் குறைவு. மதீனாவிலிருந்து மக்கா புறப்படும் வழியில் துல்ஹுலைஃபா என்ற அப்யார் அலியில் பஸ்ஸை நிறுத்தி இஹ்ராம் கட்டலாம். ஹரமைன் ரயிலில் ஏற்றினால் அது அங்கே நிற்காது, ஹோட்டலிலேயே குளித்து இஹ்ராம் துணியோடு ஏறிவிட வேண்டும்.

டிக்கெட் விஷயம். பலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்ததும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. அந்த பிடிஎஃப் வெறும் ஹோல்டாகவும், அதாவது பணம் கட்டாமல் பிடித்து வைத்த இடமாகவும் இருக்கலாம். பிஎன்ஆர் என்ற ஆறு எழுத்து புக்கிங் எண் வந்துவிட்டது என்பதால் டிக்கெட் அடித்துவிட்டார்கள் என்று ஆகாது, பணம் கட்டாவிட்டால் அது தானாகவே ரத்தாகும். பெரிய விமான நிறுவனங்களில் டிக்கெட் அடித்திருந்தால் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் போட்டுப் பாருங்கள். போவது, வருவது இரண்டும் ‘கன்ஃபர்ம்ட்’ என்று வர வேண்டும். குரூப் கட்டணத்தில் எடுக்கும்போது பெயர்களைப் புறப்படும் தேதிக்குச் சற்று முன்புதான் ஏற்றுவார்கள் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துத்தான் கடைசி வரை காட்டாமல் இருக்கிறார்கள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் ரிட்டனைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். மக்காவில் இருக்கும்போதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை பாருங்கள். அந்த 9 பேரில் ஒருவர்கூட இடையில் பார்க்கவில்லை. கடைசி நேர விலையில் ஒருவழி டிக்கெட் வாங்க ஊரிலிருந்து பணம் அனுப்ப வேண்டியதாயிற்று.

மதீனா பள்ளியிலுள்ள ரவ்ழா ஷரீஃபுக்குள் போக ‘ஸ்லிப் எடுத்துத் தருகிறேன்’ என்று தலைக்கு இத்தனை ரியால் கேட்பவர்கள் எல்லா ஹோட்டல் வாசலிலும் இருக்கிறார்கள். அனுமதி இலவசம். நுசுக் ஆப்பில் பாஸ்போர்ட், விசா விவரத்தைக் கொடுத்து நீங்களே எடுக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு. பொதுவாக 365 நாளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும் என்பதால் இடம் சீக்கிரம் தீரும். விசா வந்த அன்றே ஊரிலிருந்தே முயலுங்கள். அடுத்தவர் பெயரிலுள்ள க்யூஆர் கோடு ஸ்க்ரீன்ஷாட்டை வாசலில் ஏற்க மாட்டார்கள்.

ஜியாரத் (புனித இடங்களைப் பார்ப்பது) என்பது பல குழுக்களில் பஸ் ஜன்னல் வழியே காட்டிவிட்டுப் பேரீச்சம்பழக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவதாக முடிகிறது. குபா, உஹது, கிப்லத்தைன் என்று எங்கெங்கே இறக்குவார்கள் என்பதையும், பத்ரும் தாயிஃபும் சேர்ந்ததா தனிக் காசா என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இனிப் பணம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஏஜென்டின் மச்சான் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்குக்கோ, யாருடைய ஜிபே எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரிலுள்ள கரண்ட் அக்கவுண்டுக்கு அனுப்பி, ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயண பாக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் வரி வரவுப் பட்டியலில் தெரியும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டிசிஎஸ் என்று வாங்கிக்கொண்டு அங்கே வரவு இல்லை என்றால் அந்தக் காசு வேறெங்கோ போயிருக்கிறது. பாஸ்போர்ட்டை மாதக்கணக்கில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள். இ-விசாவுக்கு நகலும் புகைப்படமும் போதும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு ‘பாக்கியைக் கட்டினால்தான் தருவேன்’ என்பது பழைய தந்திரம்.

‘மாதம் 2,000 கட்டுங்கள், குலுக்கலில் பெயர் வந்தால் உம்ரா’ என்று வரும் திட்டங்களை அடியோடு தவிருங்கள். சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவில்லாமல் இப்படிப் பணம் திரட்டுவதை 2019ஆம் ஆண்டு வைப்புத் திட்டத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ‘எங்களுக்கு அரசு ஹஜ் லைசென்ஸ் இருக்கிறது’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசு வெளியிடும் தனியார் ஹஜ் குழுக்களின் பட்டியல் ஹஜ்ஜுக்கானது. ஹஜ் கமிட்டி உம்ரா நடத்துவதில்லை.

இந்த ஊரில் ஆள் சேர்த்தவர் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த, நல்ல மனிதர். 20 பேரைச் சேர்த்தால் அவருக்கு ஓர் இலவச டிக்கெட் என்பது ஏற்பாடு. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஹோட்டல் எங்கே என்று அவருக்கே தெரியாது. ‘காக்கா (அண்ணன்) சொன்னார், அதனால் கேட்கவில்லை’ என்றுதான் 34 பேரும் சொல்கிறார்கள். ஒருவர் உங்களை அழைத்தால், அவருக்கு இதில் இலவசமோ கமிஷனோ உண்டா என்று மரியாதையாகவே கேட்டுவிடலாம். அவர் கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: அங்கே இருக்கும்போதே சவூதி ஹஜ் உம்ரா அமைச்சகத்தின் 1966 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள். ஹோட்டல் பெயர்ப் பலகை, அறை, கட்டில் எண்ணிக்கை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். ஊர் வந்ததும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஒரே குறை உள்ளவர்கள் சேர்ந்தும் புகார் கொடுக்கலாம். ‘சப்-ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார், நாங்கள் என்ன செய்வது’ என்ற பதிலை ஏற்க வேண்டாம், உங்களிடம் பணம் வாங்கியவர்தான் பொறுப்பு. டிக்கெட் எடுக்காமலே எடுத்ததாகக் காட்டியிருந்தால் போலீஸிலும் புகார் கொடுங்கள், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு மோசடிக்கானது.

வாட்ஸ்அப் குரூப்பை முதல் நாளே எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். இந்த ஏஜென்ட், குழு ஊர் திரும்பிய அன்று இரவே எல்லாரையும் குரூப்பிலிருந்து நீக்கினார். 34 பேரில் அந்த நோட்டீஸைக் கையில் வைத்திருந்தவர்கள் 3 பேர். இப்போது புகாரின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.