செக்யூரிட்டி செக்குக்கு ஆள் போடுறதுல எந்த முறை நல்லது? ஒரு அலசல்

ஏர்போர்ட்ல செக்யூரிட்டி க்யூ நீண்டுச்சுன்னா உடனே வர்ற பேச்சு "ஆள் பத்தல". சில இடத்துல அது நிஜம்தான். ஆனா நிறைய இடத்துல ஆள் இருக்காங்க, தேவைப்படுற மணி நேரத்துல இல்ல, அவ்வளவுதான். இத புரிஞ்சுக்காம எந்த முறை நல்லதுன்னு பேசவே முடியாது, அதனால முதல்ல ஒரு சின்ன கணக்கு பாத்துடலாம்.

ஒரு லேன்ல, அதாவது ஒரு எக்ஸ்ரே மெஷின் இருக்கிற சோதனை வரிசைல, மணிக்கு 150 பேர் போறாங்கன்னு வச்சுக்குவோம். காலைல 4ல இருந்து 5 மணிக்குள்ள 300 பேர் வர்றாங்க, அடுத்த மணி நேரம் 900, அதுக்கடுத்து இன்னொரு 900, 7ல இருந்து 8க்குள்ள 300. மொத்தம் 2400 பேர், நாலு மணி நேரம், சராசரி மணிக்கு 600, அப்ப 4 லேன் போதுமேன்னு தோணும். சரி, நாலு மணி நேரமும் 4 லேன் திறந்து வைங்க. முதல் மணி நேரம் பாதி லேன் சும்மா கிடக்கும். 6 மணிக்கு க்யூல 300 பேர், 7 மணிக்கு 600 பேர், அந்த நேரத்துல வந்து கடைசில நிக்கிறவருக்கு முழுசா ஒரு மணி நேரம் காத்திருப்பு, 8 மணி ஆனாலும் 300 பேர் மிச்சம். 4 லேன், நாலு மணி நேரம், ஆக 16 லேன்-மணி. இப்ப அதே 16ஐ மணிக்கு மணி 2, 6, 6, 2 லேன்னு பிரிச்சு போட்டுப் பாருங்க. ஒரு ஆள் கூட சேக்கல, ஆனா காகிதத்துல க்யூவே இல்ல.

காகிதத்துலன்னு சொன்னது காரணமாதான். ஜனங்க நிமிஷத்துக்கு 15 பேர்னு அளந்து வர மாட்டாங்க, கொத்துக் கொத்தா வருவாங்க, ஒருத்தர் பெல்ட்ட கழட்டவே ரெண்டு நிமிஷம் எடுப்பார். லேன் முழு கொள்ளளவுல ஓட ஓட காத்திருப்பு நேரம் சரசரன்னு ஏறும், இத கணித அறிஞர் கிங்மன் 1961லயே சூத்திரமா சொல்லிட்டார். அதனால 6 லேன் கணக்கு வந்தா 7 திறக்கணும், அந்த கொஞ்ச இடைவெளிய வீண்னு நினைக்கிற மேனேஜர் கடைசில க்யூவதான் வாங்கிக்கிறார்.

இனி ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்ப ட்யூட்டின்னு போடுற அட்டவணை, அதோட முறைகளுக்கு வருவோம்.

ஃபிக்ஸட் ரோஸ்டர், அதாவது தினமும் ஒரே ஷிஃப்ட், ஒரே எண்ணிக்கை. இதுக்கு பெரிய பலம், ஸ்டாஃபுக்கு தன் வாழ்க்கை தெரியும், பிள்ளைய யார் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறதுன்னு அடுத்த மாசம் வரைக்கும் முடிவு பண்ணிக்கலாம். இத சின்ன விஷயமா நினைக்காதீங்க, ஆள் வேலைய விட்டுப் போகாம இருக்கிறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனா பயணிகள் கூட்டம் மேடு பள்ளமா வரும்போது இது தட்டையா நிக்கும், மேல பாத்த கணக்குல 4 லேன் பட்ட பாடுதான்.

ரெண்டாவது ஃபோர்காஸ்ட் வச்சு போடுற ரோஸ்டர். ஃப்ளைட் ஷெட்யூல், ஒவ்வொண்ணுலயும் எத்தனை சீட் நிறையும், அதுல ட்ரான்ஸிட் பயணிகள் எத்தனை பேர், ஃப்ளைட்டுக்கு எவ்வளவு முன்னாடி ஜனங்க வருவாங்க, இதெல்லாம் சேத்து 15 நிமிஷத்துக்கு ஒருதடவ எத்தனை லேன் வேணும்னு எடுக்கிறது. இதுல உயிர்நாடியே அந்த "எவ்வளவு முன்னாடி"ங்கிற வளைவுதான், அதாவது ஃப்ளைட்டுக்கு எத்தனை நிமிஷம் முன்னாடி எத்தனை பேர் வர்றாங்கன்னு காட்டுற கிராஃப். விடியக்காலை ஃப்ளைட்டுக்கு தூக்கத்த விட மனசில்லாம கடைசி நேரத்துல வருவாங்க, நீண்ட தூர ஃப்ளைட்டுக்கு சீக்கிரமே வந்துடுவாங்க, லீவு சீசன்ல குடும்பமா வர்றவங்க இன்னும் சீக்கிரம். எல்லாத்துக்கும் ஒரே வளைவ போட்டா உங்க பீக் அரை மணி நேரம் தள்ளி உக்காந்துக்கும், 7 லேன் திறக்க வேண்டிய நேரத்துல 4 திறந்திருக்கும்.

இந்த யோசனை புதுசு இல்ல. 1954ல நியூயார்க்ல பாலம், சுரங்கப்பாதைகள நடத்துற போர்ட் அத்தாரிட்டில வேலை பாத்த லெஸ்லி ஈடி டோல் பூத்துக்கு இதே கேள்விய கேட்டார், எந்த நேரத்துக்கு எத்தனை பூத், எத்தனை ஆள்னு. அதே வருஷம் கணித அறிஞர் டான்ட்ஸிக் அத லீனியர் ப்ரோக்ராமிங்கா, அதாவது கட்டுப்பாடுகளுக்குள்ள சிறந்த விடைய தேடுற கணக்கா, மாத்தி எழுதினார். இன்னைக்கு ரோஸ்டர் சாஃப்ட்வேர் பலதுக்கும் அடிப்படை அதுதான்.

ஆனா சிக்கல் எங்கன்னா, பீக் ரெண்டு மணி நேரம், ஷிஃப்ட் எட்டு மணி நேரம். 2, 6, 6, 2ன்னு மனுஷங்கள வாங்க முடியாது. அதனால சிலர் ஸ்ப்ளிட் ஷிஃப்ட்ட கொண்டு வர்றாங்க, காலைல 4 மணி நேரம், நடுவுல இடைவெளி, திரும்ப சாயங்காலம் 4 மணி நேரம். ஷீட்ல பாத்தா அழகா பொருந்தும். என் கருத்த நேராவே சொல்றேன், அந்த நடு இடைவெளில வீட்டுக்கும் போக முடியாம தூங்கவும் முடியாம கிடக்கிற மனுஷன்தான் அடுத்து மானிட்டர் முன்னாடி உக்காந்து கத்தி இருக்கா, வெடிபொருள் இருக்கான்னு பாக்கணும், அத ரோஸ்டர் போடுறவங்க மறக்கவே கூடாது. இதுக்கு பதிலா ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரத்த அரை அரை மணி நேரம் தள்ளித் தள்ளி வைக்கலாம், விருப்பப்பட்டு வர்றவங்களுக்கு 4 மணி நேர பார்ட் டைம் குடுக்கலாம். முழுசா பொருந்தாது, ஆனா முக்கால்வாசி பொருந்தும், ஆளும் தங்குவாங்க.

இன்னொரு கட்டுப்பாடும் இருக்கு. ஐரோப்பிய யூனியன் விதிப்படி எக்ஸ்ரே படம் பாக்குறவர் சாதாரணமா தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல பாக்கக்கூடாது, அதுக்கப்புறம் குறைஞ்சது 10 நிமிஷம் படம் பாக்காம இருக்கணும். அப்ப ரெண்டு மானிட்டருக்கு மூணு பேர் வேணும், அந்த மூணாவது ஆள் ட்ரே எடுத்து வைக்கிறது, பை சோதிக்கிறதுன்னு சுத்திட்டு இருப்பார். இத விட்டுட்டு கணக்கு போட்டா ஷீட்ல 7 லேன் இருக்கும், தரையில 6தான் ஓடும்.

மூணாவது முறை ரியல் டைம். சென்சாரோ கேமராவோ க்யூவ அளக்குது, நீண்டதும் ட்யூட்டி மேனேஜர் ஆள கூப்பிட்டு லேன் திறக்கிறார். கேக்க நல்லா இருக்கு, ஆனா கூப்பிட்டு, ஆள் வந்து, மெஷின ரெடி பண்ணி லேன் ஓட ஆரம்பிக்க 15, 20 நிமிஷம் ஆயிடும். நிமிஷத்துக்கு 15 பேர் வர்ற இடத்துல 10 பேர்தான் உள்ள போறாங்கன்னா அதுக்குள்ள 100 பேர் சேந்திருப்பாங்க. ரெண்டு புது லேன் திறந்தாலும் அது வர்றவங்கள சமாளிக்கவே சரியா இருக்கும், சேந்த 100 பேர் அப்படியே நிப்பாங்க. க்யூவ பாத்து திறக்கிறது எப்பவுமே லேட்.

அதனால என் ஓட்டு ஃபோர்காஸ்ட் ரோஸ்டர் அடித்தளமா இருக்கணும், அதுமேல எல்லா பொசிஷனும் தெரிஞ்ச சின்ன ஃப்ளெக்ஸ் டீம் ஒண்ணு இருக்கணும். அவங்கள கூப்பிடுற சிக்னல் செக்யூரிட்டி க்யூவுல இருந்து வரக்கூடாது, அதுக்கு முந்தின கட்டத்துல இருந்து வரணும், செக்-இன் கவுண்டர்ல எண்ணிக்கை ஏறும்போதே, ட்ரெயின் வந்து இறங்கும்போதே.

ஆளே நிஜமா இல்லன்னா எந்த முறையும் காப்பாத்தாது, அதையும் சொல்லணும். 2022 கோடைல ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் ஏர்போர்ட்ல செக்யூரிட்டி ஆள் பற்றாக்குறையால பயணிகள் எண்ணிக்கைக்கே வரம்பு வச்சாங்க, செப்டம்பர்ல தலைமை அதிகாரி ராஜினாமா பண்ணினார். அதே கோடைல ஆள் தட்டுப்பாட்டால லண்டன் ஹீத்ரோவும் ஒரு நாளைக்கு புறப்படுற பயணிகள் 1,00,000 பேர்தான்னு வரம்பு போட்டுச்சு. கோவிட் நேரத்துல வேலைய விட்டுப் போன ஆளுங்க பலர் திரும்பி வரல, புது ஆள எடுத்தா பின்னணி சோதனை, பயிற்சின்னு மாசக்கணக்கு ஆகும்.

க்யூ வடிவத்துல பெரிய சண்டையே வேண்டாம், பாம்பு மாதிரி வளையுற ஒரே க்யூதான் லேனுக்கு லேன் தனி க்யூவவிட நல்லது, முன்னாடி ஒருத்தர் லேட் பண்ணினா அடுத்தவர் வேற லேனுக்குப் போயிடலாம். ஆனா ஃபாஸ்ட் ட்ராக்குக்கு தனியா லேன் ஒதுக்கும்போது கவனம். அமெரிக்கால 2011ல வந்த ப்ரீசெக் (முன்கூட்டியே பின்னணி சரிபாத்த பயணிகளுக்கான திட்டம்) மாதிரி சோதனையே சுருக்கமா இருந்தா பிரிக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு. சோதனை அதேதான், காசு குடுத்தவர் முன்னாடி போறார்னா, பக்கத்துல 300 பேர் நிக்கும்போது அந்த லேன் காலியா கிடக்கும். அந்த நேரத்துல அத எல்லாருக்கும் திறந்துவிடுற அதிகாரம் ட்யூட்டி மேனேஜர் கைல இருக்கணும்.

ஒரே இடத்துல மொத்தமா சோதிக்கிறதா, கேட்டுக்கு கேட் சோதிக்கிறதாங்கிறதும் ஆள் கணக்குதான். சிங்கப்பூர் சாங்கில பழைய டெர்மினல்கள் கேட்ல சோதிக்கும், 2017ல திறந்த டெர்மினல் 4 ஒரே இடத்துல சோதிக்குது. ஸ்கிபோலும் 2015ல கேட்ட விட்டுட்டு மைய சோதனைக்கு வந்துச்சு. கேட்ல பயணிக்கு நிதானம் கிடைக்கும், ஆனா ஒரு ஃப்ளைட் லேட் ஆனா அந்த டீம் சும்மா நிக்கும், அடுத்த பியர்ல (கேட்டுகள் வரிசையா இருக்கிற நீளமான கட்டடப் பகுதி) தவிக்கிற டீமுக்கு உதவ முடியாது. ஆள் எண்ணிக்கை மட்டும் பாத்தா மையம்தான் ஜெயிக்கும்.

கடைசியா மெஷின். பைய முப்பரிமாணமா காட்டுற சிடி ஸ்கேனர் வந்தா லேப்டாப்ப வெளிய எடுக்க வேண்டாம், ட்ரே குறையும், நாலு பேர் ஒரே சமயம் ட்ரே நிரப்புற தானியங்கி லேன் வந்தா ஒரு மெதுவான ஆள் பின்னாடி இருக்கிறவங்கள மறிக்க மாட்டார். ரெண்டும் நல்ல முதலீடு. ஆனா மணிக்கு 150 பேர், ஆளுக்கு 2 ட்ரேன்னா 300 ட்ரே, அதுல பத்துல ஒண்ணு சோதனைக்கு ஒதுங்கினா 30 பை. ஒரு பைக்கு 3 நிமிஷம்னா ஒரு ஆளால மணிக்கு 20தான் முடியும். மிச்ச 10 பை தடத்துல நெரியும், பெல்ட் நிக்கும், கோடிக்கணக்குல வாங்கின மெஷினும் சேந்து நிக்கும். புது மெஷினுக்கு டெண்டர் விடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒவ்வொரு லேன்லயும் பெல்ட் எப்ப நின்னுச்சு, எதுக்காக நின்னுச்சு, எவ்வளவு நேரம்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைக்கச் சொல்லுங்க. பை சோதிக்க ரெண்டாவது ஆள் இல்லாததுதான் காரணம்னு பாதிக்கு மேல வந்தா, அந்த ஒருத்தர முதல்ல போடுங்க.