சுருதிப் பெட்டி கிட் வாங்கப் போகிறவர்கள், ஈயம் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

"நீங்களே செய்யலாம், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் துணி மேல் பச்சை போர்டு, ஓரத்தில் பளபளவென்று ஒரு கிரிஸ்டல், பின்னணியில் வீணை. அதைப் பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தவிர, அந்தப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதால் பெயரைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. அவர்கள் எதைச் சொல்லி எதை அனுப்புகிறார்கள், கேட்டால் எப்படிக் கையை விரிக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

கிருஷ்ணகிரியில் மைக்செட்காரர்களின் ஆம்ப், மிக்ஸர் எல்லாம் பழுது பார்க்கிறவன் நான். சால்டரிங் அயர்ன் என் கைக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும். என் மச்சான் காவேரிப்பட்டணத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறவர். முன்பெல்லாம் மேளத்தோடு ஒத்து ஊத, அதாவது ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்க, ஓர் ஆள் வருவார். இப்போது அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை, எல்லா இடத்திலும் பெட்டிதான். அவருடைய பழைய பெட்டி முகூர்த்த மாதத்தில் பார்த்துப் படுத்துவிட்டது. அதற்குரிய சிப் கிடைக்கவில்லை. சரி, புதிதாக ஒன்று நாமே கட்டிக் கொடுத்துவிடலாம், கெட்டாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கிட் பக்கம் போனேன்.

விளம்பரத்தில் சொன்னது இது: 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், புரோகிராம் ஏற்றிய சிப், கிளாஸ் எபாக்ஸி போர்டு, பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், 12 வோல்ட் அடாப்டரிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். விலை 1,850 ரூபாய், கூரியர் தனி. வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுக்கும் வசதி கிடையாது, முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில்.

இதில் கிரிஸ்டல் என்ற ஒன்றுக்காகத்தான் நான் வாங்கினேன், வினாடிக்கு 40 லட்சம் தடவை சீராகத் துடிக்கிற பாகம் அது. சுருதிப் பெட்டிக்கு அது ஏன் முக்கியம் என்றால், ஸாவும் பாவும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும். மச்சான் வாசிப்பது பாரி என்ற நீளமான வகை நாதஸ்வரம், சுருதி 2 கட்டை. அதாவது ஸா ஏறக்குறைய 293.7 ஹெர்ட்ஸ். கிரிஸ்டலின் 40 லட்சம் துடிப்பை சிப் 13,620 ஆல் வகுத்தால் அந்த ஸா வந்துவிடும். அதே 40 லட்சத்தை 9,080 ஆல் வகுத்தால் 440.5, அதுதான் பா. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2க்கு 3, இம்மி பிசகாது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் ஸா நகர்ந்தால் பாவும் சேர்ந்தேதான் நகரும். கிரிஸ்டல் நகர்வதும் காதுக்குத் தெரிகிற அளவில் இருக்காது.

பார்சலைப் பிரித்தால் கிரிஸ்டலே இல்லை. புரோகிராம் ஏற்றிய சிப்பும் இல்லை. நான்கு 555 டைமர் ஐசி, ஒலியைப் பெருக்க ஒரு 386, வோல்ட்டைக் குறைக்க ஒரு 7805, திருகிச் சரிசெய்யக் கொஞ்சம் ட்ரிம்மர். போர்டு பச்சை இல்லை, பழுப்பு நிற ஃபீனாலிக் போர்டு. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தவர்களுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும்.

உடனே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ப்ரோ, இது புது வெர்ஷன். கிரிஸ்டல் வெர்ஷனைவிட சவுண்ட் நேச்சுரலா இருக்கும். கட்டிப் பாருங்க" என்று பதில். விளம்பரத்தில் படம் பழைய வெர்ஷனாம்.

555ஐ நான் குறை சொல்ல மாட்டேன். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது, மறு வருடமே விற்பனைக்கு வந்து இன்றுவரை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஃபாரஸ்ட் மிம்ஸ் 1980இல் இரண்டு 555ஐ வைத்துப் போட்ட ஒரு சர்க்யூட்டை, 'அட்டாரி பங்க் கன்சோல்' என்ற பெயரில் உலகம் முழுக்க இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிய்யா முய்யா என்று விளையாட்டுச் சத்தம் வேண்டும் என்றால் அதைவிட மலிவான சந்தோஷம் கிடையாது. ஆனால் அதில் சுருதியைத் தீர்மானிப்பது ஒரு கெப்பாசிட்டரும் இரண்டு ரெசிஸ்டரும்தான். இந்த கிட்டில் நான்கு சுரத்துக்கு நான்கு தனித்தனி 555, நான்கு தனித்தனி கெப்பாசிட்டர். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஸா ஒரு பக்கம் போனால் பா இன்னொரு பக்கம் போகும்.

அந்த கெப்பாசிட்டர்களில்தான் முக்கியமான பித்தலாட்டம். பாலியெஸ்டர் என்று சொன்ன இடத்தில் மஞ்சள் கலரில் வட்ட சிராமிக். மேலே பொடி எழுத்தில் 104Z. 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட், அதில் குற்றமில்லை. கடைசி எழுத்தைப் பாருங்கள். J என்றால் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், K என்றால் 10, M என்றால் 20. Z என்றால் 20 சதவீதம் குறையலாம், 80 சதவீதம் கூடலாம். சப்ளை லைனில் இரைச்சலை அடக்கப் போடுகிற சரக்கு அது, அங்கே எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. சுருதியில் 2 கட்டைக்கும் 2½ கட்டைக்கும் உள்ள தூரமே சுமார் 6 சதவீதம்தான்! நான்கையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கு 0.083 வந்தது, இன்னொன்றுக்கு 0.118. சரி, இதை ட்ரிம்மரில் திருகிச் சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாதது சூடு. இந்த வகை சிராமிக்குக்குச் சூடு ஏறினால் மதிப்பு இறங்கும். மீட்டரில் மாட்டியபடியே சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனேன், தொடவே இல்லை, எண் மளமளவென்று கீழே இறங்கியது. கெப்பாசிட்டர் இறங்கினால் சுருதி ஏறும். பங்குனி, சித்திரையில் நம்ம ஊர் கல்யாண மண்டபத்துத் தகரக் கூரையின் கீழ் இதை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இது போதாதென்று, போர்டில் 7805 ரெகுலேட்டரை இந்தக் கெப்பாசிட்டர்களுக்கு ஒட்டியே வைத்திருக்கிறார்கள், ஹீட் சிங்க்கும் கிடையாது. 12 வோல்ட் கொடுத்து 5 வோல்ட் எடுத்தால் மீதி 7 வோல்ட்டும் சூடாகத்தான் போகும். பெட்டியை மூடிய பிறகு அந்தச் சூடு போக வழியில்லை.

இன்னொன்று, இது ஆபத்தும்கூட. அடாப்டர் வந்து சேருகிற இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. போர்டில் அச்சடித்த பிளஸ் குறி தலைகீழாக இருந்தது. ஜாக்கிலிருந்து கிரவுண்ட் ட்ராக்கைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்ததால் கண்ணில் பட்டது, மாற்றிப் போட்டேன். அச்சு சொன்னபடி போட்டுச் சப்ளை கொடுத்திருந்தால் கெப்பாசிட்டர் வீங்கி வெடித்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்கு என்று இதை வாங்கினால் முகத்துக்கு நேரே நடக்கும் இது. கோடு போட்ட பக்கம் மைனஸ், அந்தக் கோடு அடாப்டரின் மைனஸோடுதான் சேர வேண்டும். போர்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

கட்டி முடித்து, ட்யூனர் ஆப் வைத்து நான்கு சுரத்தையும் சரியான இடத்தில் சேர்த்து, மச்சானைக் கூப்பிட்டேன். முதலில் நன்றாகத்தான் நின்றது. பெட்டியை மூடி அவர் வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஸா மெதுவாக ஏற, பா அதைவிட வேகமாக ஏறியது. ஸா 293.7இலேயே இருந்து பா மட்டும் 445க்குப் போனாலே, ஸாவின் மூன்று மடங்கு ஒலிக்கும் (மூன்றாவது ஹார்மோனிக்) பாவின் இரண்டு மடங்குக்கும் நடுவில் வினாடிக்கு ஒன்பது தடவை அலை அடிக்கும். கர்ர்ர் என்று ஒரு அதிர்வு, கேட்டாலே பல் கூசும். மச்சான் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னா மாமா, ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிற மாதிரி இருக்குது, இதுல நான் யாருகூட சேர்றது?" என்றார். ஆப்பைப் பார்த்தேன். ஸா 2½ கட்டையைத் தொட்டிருந்தது.

என் டப்பாவில் கிடந்த பாலியெஸ்டர் 104J நான்கை எடுத்து மாற்றினேன். போர்டு அதே, ஈயம் வைத்த கை அதே, ஸா அசையாமல் நின்றது. பாலியெஸ்டரும் சூட்டுக்குக் கொஞ்சம் அசையும், ஆனால் பாடுகிறவர் காதை உறுத்துகிற அளவுக்கு இல்லை. கோளாறு எதில் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கழற்றி மாற்றும்போதே இரண்டு இடத்தில் செம்பு ட்ராக் ஈயத்தோடு உரிந்து வந்துவிட்டது. வயர் போட்டு ஒட்டினேன். நல்ல கிளாஸ் எபாக்ஸி போர்டு ஒரு தடவை கழற்றி மாட்டுவதற்கெல்லாம் இப்படி உரியாது. 386 சிப்பும் வாங்கியதிலிருந்தே ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், அசிட்டோன் உள்ள ரிமூவர், எழுத்தோடு சேர்ந்து மேல் கறுப்பும் பஞ்சில் வந்துவிட்டது. லேசரில் பொறித்த எழுத்து அப்படி அழியாது. பழைய சிப்பைத் தேய்த்து மேலே பூசி எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் படம், வீடியோ எடுத்து அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "ப்ரோ உங்க சால்டரிங்ல டிரை ஜாயின்ட் இருக்கு. சால்டர் பண்ண ப்ராடக்டுக்கு வாரன்டி இல்ல."

டிரை ஜாயின்ட் என்றால் ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. கிட் என்றாலே சால்டர் பண்ணுவதற்குத்தானே! பண்ணாமல் வைத்திருந்தால் "கட்டிப் பாக்காம எப்படி ப்ரோ குறை சொல்றீங்க", பண்ணிவிட்டால் "உங்க கை சரியில்ல". ரெடிமேட் பெட்டி விற்கிறவர் இப்படிச் சொல்ல முடியாது. கிட் விற்கிறவருக்கு மட்டும் பழியைப் போட ஒரு கை எப்போதும் தயாராக இருக்கிறது, வாங்கியவரின் கை. தினமும் ஈயம் வைக்கிற எனக்கே இந்தப் பதில் என்றால், முதல் தடவை கட்டுகிற ஒரு பையன் நம்பிவிடுவான். தனக்குத்தான் வேலை தெரியவில்லை என்று பேசாமல் மூலையில் போட்டுவிடுவான். அந்தப் பக்கத்து வியாபாரம் ஓடுவதே இப்படிப் பேசாமல் போகிறவர்களால்தான் என்பது என் எண்ணம்.

கிட் என்பதே மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிந்தசைசரால் பேர் வாங்கிய ராபர்ட் மூக், 1964க்கு முன்னால் தெரமின் என்ற, கை படாமலே வாசிக்கிற மின் இசைக்கருவியை கிட்டாக விற்றுத்தான் தொழில் கற்றார். ஒழுங்கான கிட்காரர்கள் சர்க்யூட் படத்தையும் பாகங்களின் பட்டியலையும் பணம் வாங்கும் முன்பே காட்டுவார்கள். இவரிடம் சர்க்யூட் கேட்டபோது "அது கம்பெனி சீக்ரெட்" என்றார். நான்கு 555இல் என்ன சீக்ரெட்டோ.

ஆகவே யாரிடம் வாங்கினாலும், பார்சலைப் பிரிக்கும்போதே கூரியர் ஸ்டிக்கர் தெரிய வீடியோ எடுங்கள். அயர்னை பிளக்கில் சொருகும் முன் எல்லாப் பாகத்தையும் வெள்ளைத் தாளில் பரப்பி, கெப்பாசிட்டர் எழுத்து, ஐசி எழுத்து தெரியும்படி கிட்டத்தில் படம் பிடியுங்கள். விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், அது நாளை இருக்காது. பட்டியலில் சொன்னதும் வந்ததும் பொருந்தவில்லை என்றால் ஈயமே வைக்காதீர்கள், "கட்டிப் பாருங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி. சந்தேகமாக இருந்தால் ஊரில் எந்த ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டினாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற பெங்களூரு எஸ்.பி. ரோடு நமக்கு பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். பாகங்களை அங்கே கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

பணத்தை எப்படித் திருப்பிக் கேட்பது என்று நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 2020இன் இணைய வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. முதலில் 1915க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை. அதில் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1,850 ரூபாய்க்கு டெல்லிக்கும் மும்பைக்கும் யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் விற்றவர் "பாதிப் பணம் தர்றேன், கம்ப்ளைன்ட்ட வாபஸ் வாங்குங்க" என்று இறங்கி வந்திருக்கிறார். முழுப் பணமும் கூரியர் செலவும் வராமல் வாபஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மச்சானுக்கு இப்போதைக்கு வேறு ஒருவருடைய பெட்டி இரவல்.

அந்தப் படம் இப்போது "மின் தம்பூரா கிட், 2,400 ரூபாய்" என்று வேறு பெயரில் வருகிறது. அதே கறுப்புத் துணி, அதே போர்டு, கிரிஸ்டல் மேல் 4.000 என்று எழுத்து, இடது மூலைத் திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் அதே கீறல். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இவர்களிடம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், பணம் அனுப்பிய விவரமும் பாகங்களின் படமும் வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே வழக்காகப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.